சதாசிவம் வாத்தியார் கோத்துக் கொடுத்த வார்த்தைகள்

சந்தைக்கு மலையிலிருந்து மிளகும் வாழைத்தாரும் சுமந்து இறங்குகிறவர்கள், சரக்கு விற்றானதும் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று, மலைக்காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை வந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். சண்டை தொடங்கிக் கடல் கடந்து வரும் சரக்கெல்லாம் நின்றுபோன பிறகு, இல்லை என்பதைத் தவிர அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை. போன சந்தையன்று வெள்ளையன் வந்தார். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; அரியூர் நாட்டில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் காடு அவருடையது. அவர் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு வரிசைக்கு வெளியே நின்றார். நான் நிமிர்ந்து பார்த்ததும் சொன்னார்.

“வாத்தியாரு தவறிட்டாருங்க. நாங்களே எடுத்துட்டமுங்க. சொல்லிவுட ஆளில்லீங்க, ஊரு பூராவும் காச்சலாக் கெடக்குதுங்க.”

அடுத்து நின்ற அம்மாளின் புட்டியை வாங்கி இருமல் மருந்தை ஊற்றிக் கொடுத்தேன். அதற்கடுத்தவருக்குப் புண்ணைக் கழுவிக் கட்டினேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான், சதாசிவம் அவர்கள் இனி இல்லை என்பது எனக்கு உறைத்தது. அதன் பிறகு இந்த நாள் வரை வேறொன்றும் ஓடவில்லை.

அவரை மலைக்குக் கீழே அறிந்தவர்கள் குறைவு. அடிவாரத்தில் கிணறும் நிலமும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன்மார் ஏர் பிடிக்க, இவரைச் சேலத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். இன்டர்மீடியட் முடித்தவர். அந்தப் படிப்புக்குச் சர்க்கார் கச்சேரியில் ஒரு நாற்காலி நிச்சயம் கிடைத்திருக்கும். அவரோ வாத்தியார் பயிற்சிக்குப் போய், காய்ச்சலுக்குப் பயந்து ஒருவரும் ஏற்காத கொல்லிமலைப் பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு மலையேறினார். ஏன் என்று நான் கேட்டதற்கு, “கீழ எல்லா வேலைக்கும் எனக்கு முன்னால பெரிய வரிசை நிக்குது, கம்பவுண்டரே. இங்க வரிசையே இல்ல” என்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காய்ச்சல் மலையில் குடியிருக்கிறவனுக்கு எவர் பெண் கொடுப்பார் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லுவார்.

நான் அங்கே மருந்துக் கொட்டகைக்குக் கம்பவுண்டராகப் போய்ச் சேர்ந்தபோது, அவர் மலைக்காய்ச்சலில் பலமுறை விழுந்து எழுந்திருந்தார். முகம் மஞ்சள் பாரித்து, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கி, நடக்கும்போது அந்தப் பக்கத்தை ஒரு கையால் தாங்கிக்கொள்வார். எனக்கு அங்கே பேச்சுத் துணை அவர் ஒருவர்தான். பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டகைக்கு வந்து பெஞ்சில் உட்காருவார். நான் நோயாளிகளிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் ஓர் அம்மாளிடம், காய்ச்சல் நின்றுவிடும், மாத்திரையைச் சாப்பிடு என்று சொல்லிப் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பினேன். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் சதாசிவம் அவர்கள் எழுந்து போய், “காச்சல் நின்னாலும் சாப்புடோணும், அம்மிணி. நின்னாலும்” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் சொன்னதைக் கேட்டால் காய்ச்சல் நின்ற அன்றே பொட்டலத்தைக் கூரையில் செருகிவிடுவாள் என்றார். அவர் சொன்னது சரி. அதுவரை அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

இங்கிலீஷில் அவருக்கு ஆசை இருந்தது இந்த ‘நின்னாலும்’ போன்ற சொற்களின் மேல்தான். பெரிய பெரிய வார்த்தைகளைப் பேசி ஆளை அசத்துகிறவர்களைச் சேலத்தில் நிறையப் பார்த்தாயிற்று என்பார். பிகாஸ், ஆல்தோ, அன்டில், தேர்ஃபோர் என்று ஒன்றோடொன்றைச் சேர்க்கும் சொற்களைத்தான் அவர் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தார். தமிழில் நாம் வந்து, பார்த்து, போய் என்று அடுக்கிக்கொண்டே போய்விடலாம், எது எதனால் நடந்தது என்பதைக் கேட்கிறவர் ஊகித்துக்கொள்வார், இங்கிலீஷ்காரனிடம் அது நடக்காது, எதனால் என்பதை வாயால் சொல்லியாக வேண்டும் என்பது அவர் கட்சி. ஆல்தோ என்று வாக்கியத்தைத் தொடங்கிவிட்டுப் பக்கத்திலேயே ‘பட்’டையும் போடும் பிள்ளையிடம், ஒரு மாட்டுக்கு இரண்டு மூக்கணாங்கயிறு எதற்கு என்று கேட்பார். கோபித்து நான் பார்த்ததில்லை. ‘தேர்ஃபோர்’ விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பார். ஆகையால் என்று ஒருவன் சொல்லிவிட்டால் அதற்கு அவன் ஜவாப்தாரி என்பார்.

ஓர் ஆண்டு கோடை கடுமையாக இருந்தது. சர்க்காரின் ரிசர்வு காட்டை ஒட்டிப் புனக்காடு வைத்திருந்த பெரியண்ணன் என்பவர், சாமை விதைப்பதற்காக வெட்டிக் காயப்போட்டிருந்த தழைக்குத் தீ வைத்தார். தன் சொந்தக் காட்டில், எல்லோரும் வைப்பது போலத்தான் வைத்தார். ஓரங்களைச் செதுக்கிவிட்டுத் தழை எரிந்து அடங்கும் வரை அங்கேயே நின்றார். கங்கு மட்டும் மிச்சம் இருந்தபோது, அவருடைய பெண்குழந்தைக்குக் காய்ச்சலில் கைகால் இழுப்பு வந்துவிட்டதாக வீட்டிலிருந்து ஆள் ஓடி வந்தது. அவர் வீட்டுக்கு ஓடினார். குழந்தையை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொட்டகைத் தகரம் தடதடவென்று ஆடும்படி காற்று கிளம்பியது. கங்கு பறந்து ரிசர்வில் விழுந்து, சரிவு முழுக்க எரிந்துபோயிற்று. குழந்தை பிழைத்தது.

விசாரணைக்குக் காட்டிலாகாவின் வெள்ளைக்கார அதிகாரி குதிரையில் ஏறி வந்து முகாம் போட்டார். பங்களா முற்றத்தில் நாட்டுக்காரர்கள் எல்லோரும் கூடினார்கள். நானும் சதாசிவம் அவர்களும் ஓரமாக நின்றோம். துரைக்கும் பெரியண்ணனுக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஒரு குமாஸ்தா இருந்தார். கெட்ட மனிதர் அல்ல. வெயில் ஏறுவதற்குள் மலையிறங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார்.

தீ வைத்தாயா என்று குமாஸ்தா கேட்டார். ஆமாங்க என்றார் பெரியண்ணன். ரிசர்வு எரிந்ததா என்றார். ஆமாங்க. வீட்டுக்குப் போய்விட்டாயா என்றார். அதற்கும் ஆமாங்க. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்லியாயிற்று என்ற முகத்தோடு நின்றார். குமாஸ்தா துரை பக்கம் திரும்பி இந்த மூன்றையும் இங்கிலீஷில் ஒரே வாக்கியமாகச் சொன்னார். இவன் தீ வைத்தான், அது ரிசர்வுக்குள் பரவிற்று, ஆகையால் வீட்டுக்கு ஓடிவிட்டான்.

சதாசிவம் அவர்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனார். அப்படியல்ல, அவர் வீட்டுக்குப் போனது காற்று வருவதற்கு முன்பு, போனதற்குக் காரணம் வேறு என்று இங்கிலீஷில் சொன்னார். கேட்டால் மட்டும் பேசும்படி அதிகாரி சொன்னார். பிறகு யாரும் அவரைக் கேட்கவில்லை.

கொட்டகைக்குத் திரும்பியதும் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்: “மூணு ஆமாங்கவும் நிஜம், கம்பவுண்டரே. கோத்ததுதான் பொய்.”

பெரியண்ணனைக் கீழே கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தார்கள். அவருடைய புனக்காட்டையும் ரிசர்வோடு சேர்த்து எல்லைக்கல் நட்டுவிட்டார்கள். சதாசிவம் அவர்கள் மனு எழுதினார். மலையிறங்கிப் போய் ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கினார். குழந்தை அன்றைக்கு என்னிடம் வந்ததற்கு நானும் சாட்சி சொல்லி எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. துரை மறுபடியும் முகாம் வரும்போது நேரில் சொல்வது ஒன்றுதான் வழி என்று ஆயிற்று.

அப்போதுதான் பெரியண்ணனின் மனைவி சின்னப்பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அவளுக்காக வாத்தியாரே பேசுவதாக இருந்தது. அவள் அதற்குச் சம்மதிக்கவில்லை.

“நீங்க சொன்னா நீங்க சொன்னதாத்தானுங்க போவும். எனக்கு அவுங்க பேச்சுலயே சொல்லிக் குடுங்க. நானே சொல்றனுங்க.”

அவர் அவளை நம்பினார். அன்றுமுதல் விடிந்ததும் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிடுவாள். பள்ளிக்கூடம் கூடுவதற்குள் பாடம் முடியும். எழுத்து ஒன்றும் கிடையாது, எல்லாம் வாய்ப்பாடம். அவள் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லுவாள். அவர் அதைச் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களாக்கிக் கோத்துக் கொடுப்பார். ஃபயர், வைஃப், சைல்ட் எல்லாம் அவளுக்குச் சுலபமாக வந்தன. கோக்கும் சொற்களில் ஒவ்வொன்றையும் ஏன் அங்கே வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாங்கிக்கொள்வாள். அன்டில் என்பது வரைக்கும் என்று அவர் சொன்னபோது, தீ அடங்கும் வரைக்கும் நின்றார் என்பதற்கும் அதே சொல்தானா, மனிதர் வீடு திரும்பும் வரைக்கும் கஞ்சி குடிக்க வழியில்லை என்பதற்கும் அதே சொல்தானா என்று கேட்டாள். இரண்டுக்கும் அதுவே என்றார்.

ஆல்தோதான் நாக்கில் புரளவில்லை. அது எதற்கு என்று கேட்டாள். முன்னே ஒன்றை ஒப்புக்கொண்டு, அப்படி இருந்தாலும் இன்னொன்றைப் பார் என்று கேட்கிறவனைத் திருப்புவதற்கு என்று அவர் விளக்கினார். தீ வைத்தது என் புருஷன்தான், இருந்தாலும் காட்டை எரிக்கவில்லை. “அப்ப அதுதானுங்க எனக்கு முக்கியமா வேணும்” என்றாள். அதற்குப் பிறகு களையெடுக்கும்போதும் ராகி அரைக்கும்போதும் ஆல்தோ, ஆல்தோ என்று அவள் முணுமுணுப்பதைப் பார்த்தவர்கள், புருஷனை நினைத்து அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டதென்று என்னிடம் வந்து சொன்னார்கள்.

சதாசிவம் அவர்களை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிட்டார். ஒருநாள், இது நடந்துவிட்டால் நாட்டுக்கு ஒருவரையாவது இப்படிப் பேசத் தயார் செய்துவிடலாம், பிறகு எந்தக் குமாஸ்தா வந்தால் என்ன என்றார். எடப்புளி நாட்டிலும் திருப்புலி நாட்டிலும் யார் யாரைக் கூப்பிடலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

பனிக்காலத்தில் துரை வந்தார். இந்த முறை அவருடைய மனைவியும் கூட வந்திருந்தார். சின்னப்பொண்ணு தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு பங்களா முற்றத்தில் போய் நின்றாள். குமாஸ்தா என்ன வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், துரையைப் பார்த்து நேராகப் பேச ஆரம்பித்தாள்.

ஆல்தோ, தீ வைத்தது தன் புருஷன்தான் என்றாலும், வைத்தது அவருடைய சொந்தக் காட்டில். தீ அடங்கும் வரைக்கும், அன்டில், அவர் அங்கே நின்றார். வீட்டுக்கு வந்தார், பிகாஸ் பிள்ளைக்கு இழுப்பு வந்துவிட்டது. அவர் வந்த பிறகே, ஆஃப்டர், காற்று எழுந்தது. தேர்ஃபோர், அவர் ஓடிப்போனவர் அல்ல. இடையில் ஒரு சொல் தடுக்கவில்லை. இடுப்பில் இருந்த குழந்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் சதாசிவம் அவர்களின் உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்தன.

துரை நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து முழுவதையும் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் வெளியே வந்ததும், மறுபடியும் சொல்லு என்றார். சின்னப்பொண்ணு, தான் சொன்னது எடுபட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டு, முதலிலிருந்து திரும்பச் சொன்னாள். அந்த அம்மாள் கைதட்டினார். இதைக் கற்றுக்கொடுத்தது யார் என்று துரை கேட்டார். சதாசிவம் அவர்கள் முன்னே போனார். கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பிறகு துரை மிகவும் மரியாதையாகவே சொன்னார். அவள் சொல்வது தெளிவாகப் புரிகிறது. நம்பக்கூட முடிகிறது. ஆனால் முடிந்த வழக்கைத் திறப்பதற்கில்லை. எரிந்த ரிசர்வுக்கு யாரையும் பொறுப்பாக்காமல் விட்டால் மலை முழுக்க நாளைக்குத் தீ வைப்பார்கள். எல்லைக்கல்லும் நட்டாகிவிட்டது. உள்ளேயிருந்து ஒரு பிஸ்கோத்து டப்பாவை வரவழைத்துக் குழந்தையின் கையில் கொடுக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் சின்னப்பொண்ணு கேட்டாள்.

“என்ன சொன்னாருங்க?”

“நீ சொன்னது நல்லாப் புரிஞ்சுதாம், அம்மிணி.”

“அப்ப எப்ப உடுவாங்களாமுங்க?”

அவர் விலாவைத் தாங்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

“புரிஞ்சாலும் உட முடியாதாம்” என்றார்.

அவள் அழவில்லை. புரிந்தாலும் என்பதற்கு இங்கிலீஷில் அந்த ஆல்தோதானே என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றார். டப்பாவை வழியில் ஒரு பாறைமேல் வைத்துவிட்டு நடந்தாள்.

மழைக்காலம் வருமுன் பெரியண்ணன் சிறையில் பேதி கண்டு இறந்துபோனார். உடலைக் கொடுக்கவில்லை. செய்தி மட்டும் வந்தது. நிலமும் இல்லாமல் போனதால் சின்னப்பொண்ணு குழந்தையோடு எங்கோ காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டாள். எந்தத் தோட்டம் என்று அவள் அண்ணனுக்கே தெரியாது.

சதாசிவம் அவர்கள் அதன் பிறகும் பள்ளிக்கூடத்தைத் திறந்தார், பாடம் சொன்னார். இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பதை மட்டும் விட்டுவிட்டார். யாராவது கேட்டால், மேலதிகாரி வந்து கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பார். மாத்திரைக்கு என்னிடம் வருவதும் நின்றது. நான் கொண்டுபோய்க் கையில் வைத்தால் விழுங்குவார், வைக்காவிட்டால் இல்லை. எனக்கு மலைக்குக் கீழே மாற்றலாகி, விடைபெறப் போனபோது காய்ச்சலில் படுத்திருந்தார். எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டு அவர் சொன்னதைத்தான் நான் கடைசியாக அவர் வாயால் கேட்டது.

“புரியாமத்தான் செய்யறாங்கன்னு நெனச்சேன், கம்பவுண்டரே. இத்தனை வருஷமா அந்த நெனப்புலதான் ஓடிட்டிருந்தேன். சரியாச் சொன்னாப் போதும்னு இருந்தேன். அவங்களுக்கு மொதல்லயிருந்தே புரிஞ்சிருக்குது.”

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

சண்டை வந்தது. கொயினா நின்றது. மாத்திரை இருந்திருந்தால் அவர் சாப்பிட்டிருப்பாரா என்று, அந்தச் சந்தையன்று எனக்காகக் காத்திருந்த வெள்ளையனைக் கேட்டேன். வெள்ளையன் யோசித்துவிட்டு, “தெரியலீங்க. ஒண்ணும் வேண்டாம்னுதான் சொல்லிட்டிருந்தாருங்க” என்றார். கடைசி நாட்களில் அவருக்கு வெள்ளையனின் வீட்டிலிருந்துதான் கஞ்சி போயிருக்கிறது. பேச்சுக் குழறியபோதும் தண்ணீர் கொடுத்தவர்களை வாங்க, போங்க என்றுதான் பேசினாராம். அடிவாரத்து அண்ணன்மாருக்கு ஆள் போயும், காய்ச்சல் சமயத்தில் மலையேற அவர்கள் துணியவில்லை.

சந்தைக்கு மறுநாள் லீவு சொல்லிவிட்டு வெள்ளையனோடு மலையேறினேன். பெரியண்ணன் எரித்ததாகச் சொல்லப்பட்ட சரிவைத் தாண்டித்தான் பாதை போகிறது. தீக்குத் தப்பித் தழைத்திருந்த மரங்களையும் இப்போது சண்டைக்காகவென்று காண்டிராக்டர்கள் வெட்டுகிறார்கள். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸும் லாரியும் கரியில் ஓடுவதால், அங்கேயே மூட்டம் போட்டுக் கரியாக்கி மூட்டை மூட்டையாக இறக்குகிறார்கள். ரிசர்வுக்குள் புகை எழும்பிக்கொண்டிருந்தது. எல்லாம் உத்தரவு பெற்றுச் செய்வது. இதை அவர் பார்த்தாரா என்று கேட்டதற்கு, பள்ளிக்கூட வாசலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியுமே என்றார் வெள்ளையன்.

பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. வேறு வாத்தியார் வரும் பேச்சில்லை. நாட்டுக்காரர்கள் அவரைத் தங்கள் ஆட்களைப் புதைக்கும் மேட்டிலேயே புதைத்திருந்தார்கள். சாதிக்காரர்கள் வந்து ஏதாவது சொல்வார்களோ என்று முதலில் தயங்கினார்களாம், எவரும் வராததால் செய்துவிட்டோம் என்றார் வெள்ளையன். பன்றி தோண்டாமல் இருக்க மண்மேல் பாறாங்கற்களை அடுக்கி முள் போட்டிருந்தது. அந்த மேட்டில் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. எந்தக் குவியல் யாருடையது என்பது, புதைத்தவர்கள் இருக்கும் வரைக்கும் அவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் மண் காயாத குவியல்கள் இன்னும் பல கிடந்தன. சில மிகவும் சிறியவை. ஒன்றை அப்போதுதான் தோண்டிக்கொண்டிருந்தார்கள், கடப்பாரை பாறையில் மோதும் சத்தம் நான் நின்ற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கல் எடுத்து அவர் குவியலின் மேலே வைத்து, மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஐயா, உங்களை நன்றாகப் பேசி வழியனுப்பத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. வந்தவன் நான் ஒருவன். மழை இறங்குகிறது, பாதை வழுக்கும் என்று வெள்ளையன் கூப்பிடுகிறார். உத்தரவு கொடுங்கள்.